எல்லை அறியாப் பறவைகளும் ஒரு தன்வரலாறும்

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்தில் ஒருமுறை சன்னலோரமாக அமர்ந்து, கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லுங்கள். வில்லியனூர் வரை புதுவை. கண்டமங்கலத்தில் தமிழ்நாடு. சற்றுத் தொலைவு சென்றதும் திருபுவனை, மதகடிப்பட்டு என்று மீண்டும் புதுவை. வளவனூரில் மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அந்நாளில் பங்கிட்டுக்கொண்ட நிலத்தின் கோணல்மாணலான எல்லை இது. 1954-இல் ஆட்சி மாறியது, எல்லை மாறவில்லை.

இதே எல்லை நம் ஊசுட்டேரியின் நடுவிலும் செல்கிறது. ஏரியின் ஒரு பகுதி புதுவைக்கு, மறு பகுதி தமிழ்நாட்டுக்கு. மார்கழி, தை மாதங்களில் வடக்கேயிருந்து வந்து இறங்கும் வாத்துக் கூட்டத்துக்கு இது தெரியாது. காலையில் புதுவைத் தண்ணீரில் மேய்ந்து, மாலையில் தமிழ்நாட்டுத் தண்ணீரில் உறங்கும். 2008-இல் புதுவை அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழக அரசு தன் பகுதியை அறிவிக்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஏரியின் ஒரு பாதியில் நீந்தும் வாத்து சரணாலயப் பறவை. சிறகை நான்கு தரம் அடித்து மறு பாதிக்குப் போய்விட்டால் அது சரணாலயத்துக்கு வெளியே!

சின்ன ஏரிக்கே இந்தச் சிக்கல் என்றால், சைபீரியாவில் பிறந்து, ஐந்தாறு நாடுகளைக் கடந்து, வேறொரு நாட்டில் பனிக்காலத்தைக் கழிக்கும் பறவையைக் காப்பது எப்படி? யார் பொறுப்பு? அந்த வேலையையே வாழ்க்கையாகக் கொள்ள விரும்பும் மாணவன் என்ன செய்ய வேண்டும்?

இக்கேள்வியோடு என் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். நான் பௌதிக ஆசிரியன். காட்டுயிர் எனக்குப் பாடமன்று, விருப்பம் மட்டுமே. ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். பறவையியலறிஞர் சலீம் அலி 1985-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாற்றை அவர் கையில் கொடுத்தேன். 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு மாதம் கழித்து நூலைத் திருப்பித் தந்தவர் மூன்று ஐயங்களைக் கேட்டார்.

"சார், இவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? பறவை எங்கிருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இவர் சொன்னது எதுவும் தப்பாகப் போனதே இல்லையா?"

நல்ல கேள்விகள். அவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு நூலை மீண்டும் ஒருமுறை படித்தேன். அதன் விளைவே இக்கட்டுரை.

பட்டமில்லா அறிஞர்

முதலில் நூலின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்த சலீம் அலி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. இது என்ன குருவி என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்ற ஆங்கிலேயர், சிறுவன்தானே என்று விரட்டாமல், பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையெல்லாம் அலமாரி அலமாரியாகத் திறந்து காட்டினார். நூலின் பெயர் அந்தக் குருவியிடமிருந்து வந்தது.

கல்லூரிக் கணிதம் அவரை மிரட்டியது. படிப்பை இடையில் விட்டுவிட்டுக் குடும்பத் தொழிலைக் கவனிக்கப் பர்மா சென்றார். தொழில் வளரவில்லை, அங்கும் பறவைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலைக்கு முயன்றபோது, பட்டம் இல்லாத குறை குறுக்கே நின்றது. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளரானார். பின்னர் பெர்லின் சென்று ஸ்டிரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930-இல் திரும்பி வந்தபோது பழைய வேலை இல்லை, பதவியையே எடுத்துவிட்டார்கள். மனைவி தெகமினாவுடன் கடற்கரைச் சிற்றூரான கிகிமில் தங்கினார். அங்கிருந்த தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் பார்த்துக் குறித்து எழுதிய ஆய்வு அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

தன் தோல்விகளை இவ்வளவு வெளிப்படையாகவும் சிரிப்போடும் எழுதிய அறிவியலறிஞர்கள் நம் நாட்டில் குறைவு. மோட்டார் சைக்கிள்மீது அவருக்கிருந்த பித்தும் அப்படியே பதிவாகியிருக்கிறது. 1950-இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்கு அவர் போய் இறங்கியது மோட்டார் சைக்கிளில்தான். தேர்வில் தோற்று மனம் சோர்ந்திருக்கும் எந்த மாணவரும் இந்நூலைப் படிக்கலாம், பயன் உண்டு.

சம்பளம் யார் கொடுத்தார்கள்?

ஆனால் என் மாணவரின் முதற் கேள்விக்கு நூல் தரும் விடையை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைச் சலீம் அலி 1930-களில் கணக்கெடுத்தார். பயணச் செலவை மட்டும் தந்தால் போதும், ஊதியம் வேண்டாம் என்று சொல்லியே அவர் இவ்வேலைகளை ஏற்றார். பின்னாளில் மலேயாவின் திரைப்படத் தொழில் அதிபர் லோக் வான் தோ போன்ற செல்வந்த நண்பர்கள் கைகொடுத்தனர். அமெரிக்கரான தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக இந்திய, பாகிஸ்தான் பறவைகளின் கையேட்டைக் கொண்டுவந்தார். பரத்பூர் ஏரியை விளைநிலமாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தபோது, நேருவிடமே சென்று பேசி அதைக் காத்தார்.

இவை பெருமைக்குரிய செயல்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், மன்னர்களையும் பிரதமரையும் நேரில் பார்க்கக்கூடிய ஒருவரின் வழி, வில்லியனூரில் ஒரு நெசவாளியின் மகனுக்கோ பாகூரில் ஒரு விவசாயியின் மகளுக்கோ வழியாகாது. நூலாசிரியர் தம் வறிய நாட்களை மறைக்கவில்லை. ஆனால் தாம் ஊதியமின்றி உழைக்க முடிந்ததற்கு உறவும் நட்பும் தாங்கி நின்றதே காரணம் என்பதை ஒரு பாடமாக எடுத்து வைக்கவும் இல்லை. படிக்கும் இளைஞர், 'ஆர்வம் இருந்தால் போதும்' என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். ஆர்வம் வேண்டும்; சோறும் வேண்டும்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும். டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் 1982-இல் தொடங்கப்பட்டது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிரியலைப் பட்ட மேற்படிப்பாகவே கற்பித்துப் பலரை இத்துறைக்கு அனுப்பியிருக்கிறது. கோவை ஆனைகட்டியில் 1990-இல் எழுந்த பறவையியல் மையமும், நம் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உருவான சூழலியல் புலமும் சலீம் அலியின் பெயரையே தாங்கின. அவருக்குக் கிடைக்காத கதவுகள் அவர் பெயராலேயே திறந்தன.

வளையம் சொல்லும் செய்தி

இரண்டாம் கேள்விக்கு வருவோம். பறவை எங்கிருந்து வருகிறது என்பதை எப்படி அறிவது?

பழைய முறை எளிமையானது. பறவையை வலையில் பிடித்து, காலில் மெல்லிய அலுமினிய வளையம் ஒன்றைப் பூட்டிப் பறக்கவிட வேண்டும். வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஒரு வேண்டுகோளும் பொறிக்கப்பட்டிருக்கும். வேறெங்கோ அப்பறவை பிடிபட்டாலோ இறந்து கிடந்தாலோ, கண்டவர் எழுதிப் போட்டால் இரு புள்ளிகள் கிடைக்கும். வரைபடத்தில் இரு புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. வளையமிட்டவற்றில் மிகச் சிறு பகுதியே இவ்வாறு திரும்பத் தெரியவரும். ஆகவே ஆயிரக்கணக்கில் வளையமிட வேண்டும். பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் ஹெலிகோலாந்துத் தீவில் இக்கலையைக் கற்ற சலீம் அலி, 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பெரும் வளையமிடும் திட்டத்தை இந்தியாவில் தொடங்கினார். காரணம் பறவைமீது கொண்ட அன்பு மட்டுமன்று. 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் ஒரு புதிய காய்ச்சல் தோன்றியது. சைபீரியாவின் ஓம்ஸ்க் பகுதியில் கண்ட காய்ச்சலோடு அது உறவுடையதாகத் தெரிந்தது. வலசை வரும் பறவைகளின் உண்ணிகள் வழியே நோய் வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நம் கோடிக்கரையும் இத்தகைய வளையமிடும் முகாம்களால் புகழ் பெற்றது.

எல்லை கடந்த ஆய்வு எல்லை கடந்த சந்தேகத்தையும் கொண்டுவரும். பின்னாளில் இத்திட்டத்துக்கு அமெரிக்க இராணுவத்தின் பணமும் வந்ததால், பறவைகளைக் கொண்டு நோய் பரப்பும் போர்முறைக்கு இது ஒத்திகையா என்ற கேள்வி 1970-களில் நாடாளுமன்றக் குழு வரை சென்றது. இத்துறைக்கு வர விரும்புவோர் இதை ஒரு பாடமாகக் கொள்ள வேண்டும். பறவைக்குக் கடவுச்சீட்டு இல்லை. ஆராய்ச்சிப் பணத்துக்கு உண்டு.

நூலின் பெருங்குறையாக எனக்குப் படுவது இங்கேதான். பயணங்களும் வேடிக்கைகளும் நண்பர்களும் நிறைந்து வழியும் இந்நூலில், ஓர் எண் எவ்வாறு அறிவாகிறது என்ற கதை போதிய அளவு விரித்துச் சொல்லப்படவில்லை. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு அதுவே முதன்மையான கதை.

தவறுகளைப் பற்றி

மூன்றாம் கேள்வி கடினமானது. அதற்கு விடையாக இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். இரண்டும் நூல் வெளிவந்த பிறகே தெளிவாகத் தெரியவந்தவை. ஆகவே இவற்றைச் சொல்லாததற்கு நூலாசிரியரைக் குறைகூற இயலாது. ஆனால் இன்று படிப்பவர் இவற்றை அறியாமல் படிப்பது சரியன்று.

முதலாவது, 1937-இல் ஆப்கானிஸ்தானத்தில் சலீம் அலியோடு பறவை தேடிய மைனெர்ட்சாகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியைப் பற்றியது. அவரைப் பற்றி நூலில் சுவையான பக்கங்கள் உள்ளன. தம்மை இழிவாக மதிப்பிட்டு அவர் நாட்குறிப்பில் எழுதியிருந்ததைக்கூடச் சலீம் அலி சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுகிறார். ஆனால் 1990-களில் ஆராய்ந்து பார்த்தபோது, அவர் அருங்காட்சியகங்களிலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, ஊரும் நாளும் மாற்றிப் பொய்ச்சீட்டு ஒட்டித் தம் சேகரிப்பாகக் காட்டியது வெளிப்பட்டது. 1884-க்குப் பின் உண்மையாக எவரும் சேகரித்திராத காட்டுச் சிற்றாந்தை ஒன்றை, தாம் 1914-இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதி வைத்திருந்தார். அதை நம்பித் தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினர். பொய்யை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மைச் சீட்டுகளை மட்டும் வைத்துத் தேடிய பமீலா ராஸ்முசென் குழுவினர், 1997-இல் மகாராஷ்டிரத்தில் அப்பறவையை உயிரோடு கண்டனர். ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்காமலேயே 'சரியான விடை'யை எழுதிவிடும் மாணவர்கள் இதை இருமுறை படிக்கும்படி வேண்டுகிறேன். ஒரு பொய் அளவு, ஓர் உயிரினத்தையே நம் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

இரண்டாவது பரத்பூர். மன்னர் காலத்தில் வாத்து வேட்டைக்குப் பேர்போன ஏரி அது. 1938 நவம்பர் 12 அன்று, வைசிராய் லின்லித்கோவை விருந்தாளியாகக் கொண்டு நடந்த வேட்டையில் மட்டும் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அப்படிப்பட்ட இடத்தைச் சரணாலயமாக்கிக் காத்தது சலீம் அலியின் பெருஞ்சாதனை. ஆனால் எருமைகள் மேய்வது பறவைகளுக்குக் கேடு என்று அவரும் அவரைச் சார்ந்தோரும் கருதினர். 1982-இல் மேய்ச்சல் தடை வந்தது. தலைமுறை தலைமுறையாக மாடு ஓட்டி வந்த கிராமத்தவர் எதிர்த்தனர். காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியமானது. சலீம் அலி எந்தக் கழகத்தின் உயிராக விளங்கினாரோ அதே பம்பாய்க் கழகத்தின் வி. எஸ். விஜயன் குழுவினர், பத்தாண்டுக் காலம் அந்த ஏரியை ஆராய்ந்தனர். எருமைகள் இல்லாமற்போன ஏரியில் புல் மண்டியது; திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது; பல நீர்ப்பறவைகளுக்கு இடமில்லாமற்போனது. எருமைகள் பறவைகளுக்குப் பகையல்ல, துணை என்று தெரியவந்தது. தம் பெரும் தலைவரின் கருத்துக்கு மாறான முடிவை அவருடைய கழகமே வெளியிட்டது. இதை அவருக்கு நேர்ந்த இழுக்கென்று நான் எண்ணவில்லை. அவர் நட்ட மரம் காய்த்தது என்றே எண்ணுகிறேன். ஆனால் சுடப்பட்டவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அளந்து பார்த்துவிட்டுத் தடை போட்டிருந்தால் அவர்கள் இருந்திருப்பார்கள்.

அதே பரத்பூரில் இன்னொரு துயரமும் உண்டு. 1960-களில் இருநூறு வரை அங்கு வந்திறங்கிய சைபீரியக் கொக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன. ஏரியைச் சுற்றி வேலி இருந்தது, காவல் இருந்தது. 1984-இல் இந்தியாவும் சோவியத் நாடும் வலசைப் பறவைகளைக் காக்க ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டன. ஆனால் வரும் வழியில் ஆப்கானிஸ்தானமும் பாகிஸ்தானும் இருந்தன; அங்கே போரும் வேட்டையும் இருந்தன. 2001-02 பனிக்காலத்துக்குப் பின் அக்கொக்குகள் பரத்பூருக்கு வரவில்லை. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தால் போதும்.

ஆப்பிரிக்கா வரை ஒரு பயணம்

அப்படியானால் இம்முயற்சியால் பயனே இல்லையா? உண்டு. அதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று தருகிறேன்.

அமூர் வல்லூறு என்பது ஏறக்குறைய 150 கிராம் எடையுள்ள சிறு வேட்டைப் பறவை. சைபீரியாவின் கிழக்கிலும் வடசீனத்திலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, தெற்கு ஆப்பிரிக்காவில் பனிக்காலத்தைக் கழிக்கிறது. வழியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தில் இலட்சக்கணக்கில் தங்குகிறது. 2012-இல் அங்கு ஒரே பருவத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் வலையில் பிடித்துக் கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டனர். நாடே அதிர்ந்தது.

வலை விரித்தவர்கள் கொடியவர்களா? அவர்களில் பலர் அந்நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது நிலத்தை இழந்தவர்கள். மீன் வலையே பறவை வலையாயிற்று. இம்முறை யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. வனத்துறையினரும் தொண்டர்களும் திருச்சபையினரும் ஊர் ஊராகச் சென்று பேசினர். பங்தி கிராமத்தின் ஊர்மன்றம் தானே தடை விதித்தது. 2013-இல் கொலை நின்றது. அவ்வாண்டே இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் இரா. சுரேஷ்குமார் உள்ளிட்ட அறிஞர்கள், மூன்று பறவைகளின் முதுகில் ஐந்து கிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் ஒலிபரப்பிகளைப் பொருத்தினர். அப்பறவைகளுக்கு நாகா, வோக்கா, பங்தி என்று பெயரிட்டனர். அவை அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா சேர்ந்ததை ஊர்மக்களும் அறிந்தனர். நேற்று வரை இறைச்சியாக இருந்தது, இன்று ஊரின் பெயரைச் சுமந்து கடல் தாண்டியது.

எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள் பள்ளியில் படித்த டாப்ளர் விளைவுதான்! ஊதிக்கொண்டே வரும் பேருந்தின் ஒலி, நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? இங்கே பறவையின் ஒலிபரப்பி ஏறத்தாழ 401 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்புகிறது. நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தலைக்குமேல் செல்லும் செயற்கைக்கோள் அதைக் கேட்கிறது. நெருங்கும்போது அதிர்வெண் சற்றுக் கூடுகிறது, விலகும்போது குறைகிறது. இந்த மாற்றம் பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வரை போகலாம். அது மாறும் விதத்தைக் கொண்டு பறவை இருக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றனர். அலுமினிய வளையம் இரண்டே புள்ளிகளைத் தந்தது. இது முழுப் பாதையையே தருகிறது. கணிதத்துக்கு அஞ்சிக் கல்லூரியை விட்டவர் தொடங்கிவைத்த வேலையை, இன்று கணிதம் தொடர்கிறது.

எப்படிப் படிக்கலாம்?

ஆகவே சலீம் அலியின் நூலைப் படியுங்கள் என்றே சொல்வேன். ஆனால் வழிபாட்டு நூலாகப் படிக்காதீர்கள். விடாமுயற்சியையும், இழந்தபோதும் சிரிக்கும் மனத்தையும் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர் வாழ்ந்த காலம் தந்த வசதிகளையும் அக்காலத்துக் குருட்டுப் புள்ளிகளையும் பிரித்தறியுங்கள். பெயர் பெற்றவர் சொன்னார் என்பதற்காக ஓர் எருமையைக்கூட ஏரியிலிருந்து விரட்டாதீர்கள். முதலில் எண்ணுங்கள், பிறகு கேளுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். ஏரிக்கரையில் வாழ்பவனும் அறிந்தவன்தான், அவனையும் கேளுங்கள்.

என் மாணவருக்கு நான் சொன்ன விடையும் இதுவே. அவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நண்பர்களுடன் ஊசுட்டேரிக்குச் செல்கிறார். ஒருவர் புதுவைக் கரையிலும் ஒருவர் தமிழ்நாட்டுக் கரையிலும் நின்று, ஒரே மணியில் பறவைகளை எண்ணுகின்றனர். மூன்றாமவர் மீன் பிடிப்பவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் பேசிக் குறித்துக்கொள்கிறார். முதல் மூன்று வாரங்களில் இரு கரைக் கணக்கும் ஒத்துவரவில்லை. நடுவில் இருந்த கூட்டத்தை இருவருமே எண்ணியிருக்கிறார்கள்! இப்போது ஏரியின் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று பிரித்துக்கொண்டுள்ளனர்.

எண்ணுவதற்காகப் போட்ட அந்தக் கோடு, எண்ணி முடித்ததும் அழிந்துவிடுகிறது. வரும் தை மாதம் உங்களுக்கு அருகிலுள்ள ஏரிக்கு ஒரு குறிப்பேட்டோடு நீங்களும் செல்லுங்கள். கண்டதைக் கண்டபடி, நாளும் மணியும் போட்டு எழுதுங்கள். காணாததை எழுதாதீர்கள். இத்துறைக்கு அதைவிடச் சிறந்த நுழைவுத்தேர்வு எனக்குத் தெரியவில்லை.